கலந்த பிறகே குப்பை

கண்டி வாவியின் மிகைநீர் மெத எல என்ற கால்வாயில் இறங்கி, நகரத்தின் நடுவாக ஓடி, கெட்டம்பேயில் மகாவலி ஆற்றோடு சேர்கிறது. கண்டியின் எசல பெரஹர ஊர்வல விழாவின் முடிவில் நீர் வெட்டும் சடங்கு நடக்கும் துறையும் அதே கெட்டம்பேதான். அங்கிருந்து ஆறு கொஹாகொடவைத் தாண்டுகிறது. கண்டி மாநகரத்தின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்ட மேடு அந்த ஆற்றங்கரையில் இருக்கிறது. மேட்டின் அடியிலிருந்து கசியும் கரிய நீர் சரிவில் இறங்கி மகாவலியில் விழுகிறது. அடுத்து கட்டுகஸ்தோட்டை, பிறகு பொல்கொல்ல. 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்ல அணையில் ஆற்று நீர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தின் வழியே உக்குவெல மின்நிலையத்துக்குப் போய், சுது கங்கையிலும் அம்பன் கங்கையிலும் சேர்ந்து, வடமத்திய மாகாணத்தின் குளங்களையும் வயல்களையும் எட்டுகிறது. மறு பங்கு விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு இறங்குகிறது.

வத்தேகம இந்த வரைபடத்தின் நடுவில் இருக்கிறது. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ரயில் பாதையில், கட்டுகஸ்தோட்டைக்கும் உக்குவெலவுக்கும் இடையில் வரும் சிறு நகரம். அதற்குக் கிழக்கே நக்கிள்ஸ் மலைகளில் பிறந்து பன்வில வழியாக வரும் ஹுலு கங்கையும் விக்டோரியாவில்தான் கலக்கிறது. ஆகவே இந்த மலைகளில் எங்கே ஒரு பிளாஸ்டிக் கோப்பையை வீசினாலும், அதற்கு முன்னால் ஒரு நீண்ட பயணம் இருக்கிறது. அது கடக்கும் நீரைக் குடிப்பவர்கள், அந்த நீரில் நெல் விதைப்பவர்கள் யாரும் நம் விழாவுக்கு வந்தவர்கள் அல்லர்.

கோயில் திருவிழா, வெசாக் நாளில் இலவசமாக உணவும் பானமும் வழங்கும் தன்சல், பாடசாலை விளையாட்டுப் போட்டி, கல்யாண வீடு, மரண வீடு என்று மனிதர் கூடும் இடங்களில் குப்பை எப்படி உருவாகிறது, அதை எந்த நேரத்தில் தடுக்க முடியும் என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. விழா முடிந்த மறுநாள் துடைப்பத்தோடு வருவோரைப் பற்றிய பேச்சு இங்கே குறைவாகவே இருக்கும். அவர்கள் வருவதற்குள் பெரும்பாலான முடிவுகள் எடுக்கப்பட்டு முடிந்துவிடுகின்றன.

2025 ஏப்ரல் 18ஆம் திகதி முதல் 27ஆம் திகதி வரை கண்டியில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 2009க்குப் பின், 16 ஆண்டுகள் கழித்து, ஸ்ரீ தலதா மாளிகையில் புத்தரின் புனித தந்ததாதுவைப் பொதுமக்கள் நேரில் வழிபட வாய்ப்புக் கிடைத்தது. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் வந்தார்கள். எதிர்பார்ப்பையெல்லாம் மிஞ்சிய கூட்டம். இனிமேல் புதிதாக யாரும் கண்டிக்குப் புறப்பட வேண்டாம் என்று அதிகாரிகள் வேண்டுகோள் விடுக்கும் அளவுக்கு நிலைமை போனது. பலர் ஒரு நாளுக்கும் மேலாக வரிசையில் நின்றார்கள். தெருவோரங்களில் குப்பை குவிந்தது. அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு மக்களின் ஒழுக்கத்தைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

வரிசைகளைப் பற்றிய கணிதத்தில் ஓர் எளிய விதி இருக்கிறது. 1961இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோன் லிட்டில் அதை நிறுவினார். வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கை என்பது, ஒரு மணிநேரத்துக்கு எத்தனை பேர் வந்து சேர்கிறார்கள் என்பதை ஒருவர் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. ஓர் எடுத்துக்காட்டுக்கு, மணிக்கு 5,000 பேர் வழிபட்டு வெளியேற முடியும், வரிசையில் 1,00,000 பேர் நிற்கிறார்கள் என்று வைப்போம். கடைசியில் நிற்பவர் 20 மணிநேரம் காத்திருக்க வேண்டும். 20 மணிநேரத்தில் ஒரு மனிதருக்கு மூன்று வேளை சாப்பாடு வேண்டும். ஏப்ரல் வெயிலில் நாலைந்து போத்தல் தண்ணீர் வேண்டும். உட்கார ஏதாவது விரிக்க வேண்டும். மலசலகூடம் வேண்டும். வரிசையை விட்டு விலகினால் இடம் போய்விடும் என்பதால் குப்பைத்தொட்டியைத் தேடிப் போகவும் முடியாது. அதே மனிதர் இரண்டே மணிநேரத்தில் வழிபட்டுத் திரும்பியிருந்தால் அவர் விட்டுச் செல்வது ஒரு பஸ் டிக்கெட்டாக மட்டும் இருந்திருக்கலாம்.

குப்பையின் அளவு ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆட்களோடு காத்திருக்கும் மணிநேரத்தையும் பெருக்க வேண்டும். திருமலையில் நேரம் குறித்த தரிசன டோக்கன்களும், சபரிமலையில் 2011 முதல் கேரள பொலிஸார் நடத்திவந்த இணைய வரிசைப் பதிவும் கூட்ட நெரிசலைக் குறைக்க வந்தவை. ஆனால் அவை குப்பையைக் குறைக்கும் கருவிகளும்தான். வரிசையை வகுப்பவருக்கும் குப்பை வண்டியை அனுப்புபவருக்கும் ஒரே மேசையில் இடம் வேண்டும் என்பது இந்தப் பெருக்கல் கணக்கிலிருந்தே வருகிறது.

எசல பெரஹரவைப் பார்த்தாலும் இதே உண்மை வேறு விதமாகத் தெரியும். ஐந்து இரவு கும்பல் பெரஹர, ஐந்து இரவு ரந்தோலி பெரஹர. ஊர்வலத்துக்குள் போகும் பொருள்களைக் கவனியுங்கள்: துணி, பித்தளை, தோல் மேளம், தென்னங்குருத்து, யானை. வெளிச்சத்துக்கு எரிவது கொப்பரை. காய்ந்த கொப்பரையில் எடைக்கு 60 சதவீதத்துக்கும் மேல் எண்ணெய்தான், அதனால் காற்றிலும் தூறலிலும் நின்று எரிகிறது. புகையும் கரியும் அதிலிருந்தும் வரும், மறுப்பதற்கில்லை. ஆனாலும் அது வெளிவிடும் காபன், அந்தத் தென்னை ஓரிரு வருடங்களுக்குள் காற்றிலிருந்து எடுத்த காபன். ஊர்வலம் போன பின் சாலையில் மிஞ்சுபவை சாம்பலும் யானைச் சாணமும். இரண்டும் மண்ணுக்குப் போகக்கூடியவை. பொலித்தீன் எல்லாம் நடைபாதையில் இருக்கிறது. நல்ல இடம் பிடிக்கப் பிற்பகலிலேயே வந்து, பொலித்தீன் விரிப்பில் உட்கார்ந்து, இருட்டும்வரை காத்திருப்போர் விட்டுச் செல்பவை அவை. நூற்றாண்டுகளாக வந்த விழா பெரும்பாலும் தூய்மையாகவே இருக்கிறது. காத்திருப்புத்தான் புதிய பொருள்களால் நிறைந்துவிட்டது.

இனி அந்த நடைபாதையில் கிடக்கும் ஒரு சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பார்க்கலாம். வெளியே செய்தித்தாள். உள்ளே லஞ்ச் ஷீட் என்று கடையில் கேட்டு வாங்கும் மெல்லிய பொலித்தீன் தாள். அதற்குள் மிஞ்சிய சோறு, பருப்பு, மீன் முள், கறிவேப்பிலை. தனித்தனியாக இருந்தால் இவற்றில் எதுவும் பெரிய தொல்லை தராது. செய்தித்தாளைக் காகிதக் கடைக்குப் போடலாம். சோற்றை மாட்டுக்கோ பன்றிப் பண்ணைக்கோ கொடுக்கலாம், உரமாக்கலாம். சுத்தமான பொலித்தீனை உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். பார்சலைச் சுருட்டி எறிந்த அந்தக் கணத்தில் மூன்றும் தம் மதிப்பை இழக்கின்றன. எண்ணெய் பட்ட காகிதத்தை யாரும் வாங்குவதில்லை. பொலித்தீன் கலந்த சோற்றை எந்தப் பண்ணையும் ஏற்காது. சோறு ஒட்டிய பொலித்தீனைக் கழுவ ஆகும் செலவு அதன் விலையை மிஞ்சும்.

இயற்பியலில் எந்திரப்பி என்று ஓர் அளவு உண்டு. பொருள்கள் எவ்வளவு கலந்து சிதறியிருக்கின்றன என்பதை அது காட்டுகிறது. கலப்பது தானாக நடக்கும். கலந்ததைப் பிரிக்க எப்போதும் வெளியிலிருந்து உழைப்பைச் செலுத்த வேண்டும். சாப்பிட்டு எழுந்தவர் இலையை ஒரு கூடையிலும் கோப்பையை இன்னொரு கூடையிலும் போட இரண்டு விநாடி போதும். அதே இரண்டு பொருளையும் மறுநாள் கொஹாகொட மேட்டில் பிரிக்க ஒரு மனிதர் நாற்றத்துக்குள் குனிந்து நிற்க வேண்டும். உழைப்பு எங்கோ மறைந்துவிடவில்லை. நம் கையிலிருந்து பலம் குறைந்த ஒருவரின் கைக்கு மாறிவிட்டது, பல மடங்கு பெருகியும் விட்டது. எனவே கலக்கும் கணத்தை வராமல் செய்வதுதான் விழாத் திட்டத்தின் முதல் வேலை என்று நான் கருதுகிறேன். மறுசுழற்சி, உரம், சட்டம் எல்லாம் அதற்குப் பின்னால்தான் பயன் தரும்.

கலந்தே போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்குப் போடலாம். வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மன் திருவிழா, ஆயிரம் பேருக்கு அன்னதானம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 100 கிராம் மிச்சம் வைத்தால் மொத்தம் 100 கிலோகிராம். உணவுக் கழிவில் ஈரத்தையும் சேர்த்து எடையில் சுமார் 15 சதவீதம் மக்கக்கூடிய காபன். ஆகவே 15 கிலோ. மேட்டுக்குள் அதில் பாதி சிதையும் என்று எடுத்தால் 7.5 கிலோ. காற்று புகாத ஆழத்தில் சிதைவை நடத்தும் நுண்ணுயிர்கள் அதில் பாதியை மீதேனாக விடும்: 3.75 கிலோ காபன், அதாவது 5 கிலோ மீதேன். ஆழமான திறந்த மேட்டில் காற்றுப் படும் பகுதிக்குக் கொஞ்சம் கழித்தால் 4 கிலோ மிஞ்சும். நூறு ஆண்டுக் கணக்கில் மீதேனின் வெப்பமாக்கும் திறன் காபனீரொட்சைட்டைப் போல 28 மடங்கு. எனவே ஒரு நாள் மிச்சச் சோறு 112 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ வரும். ஏறத்தாழ 41 லீற்றர் டீசல் எரித்தது போல. இதில் அரிசி விளைவித்த, சமைத்த, ஏற்றி வந்த செலவு சேரவில்லை.

வாயுவோடு முடிவதில்லை. ஈரக் கழிவு நிறைந்த மேடு மழையில் ஊறிக் கனக்கும், வழுக்கும். 2017 ஏப்ரல் 14, தமிழ் சிங்களப் புத்தாண்டு நாளன்று கொழும்புக்கு அருகே மீத்தொட்டமுல்லையில் குப்பை மலை வீடுகளின் மேல் சரிந்து 32 பேர் மடிந்தார்கள். பண்டிகை நாளில் பிறரின் எச்சம் விழுந்து இறந்துபோன குடும்பங்களை நினைக்காமல் இந்தத் துறையைப் பற்றி எழுத எனக்கு மனம் வருவதில்லை.

அந்த 100 கிலோ கலக்காமல் தனியாக நின்றால் கதை வேறு. உரமாக்கும் நுண்ணுயிர்களுக்குக் காபனும் நைதரசனும் ஏறத்தாழ முப்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வேண்டும். சமைத்த உணவில் அது பதினைந்துக்கு ஒன்று. நைதரசன் கூடுதல், அதனால்தான் நாறுகிறது. காய்ந்த சருகில் அறுபதுக்கு ஒன்று. அது தனியாகக் கிடந்தால் வருடக்கணக்கில் அசையாது. இரண்டின் ஈரத்தையும் கணக்கில் எடுத்தால், 100 கிலோ மிச்ச உணவுக்கு 60 கிலோ அளவில் சருகு சேர்க்கும்போது விகிதம் முப்பதை எட்டுகிறது. குவியலின் ஈரமும் தேவையான 50 முதல் 60 சதவீதத்துக்குள் வந்து நிற்கிறது. கன அளவும் ஒரு கன மீற்றரைத் தாண்டுகிறது. அதைவிடச் சிறிய குவியலுக்குத் தன் சூட்டைப் பிடித்து வைக்க முடியாது. சரியாக அடுக்கினால் இரண்டு மூன்று நாளில் நடுப்பகுதி 55 முதல் 65 பாகை வரை சுடும். புழுவும் நோய்க்கிருமியும் களை விதையும் அந்தச் சூட்டில் மடியும். மழைக்கு மேலே ஒரு மூடி, காற்றுக்கு அடியில் கொஞ்சம் சுள்ளி, வாரம் ஒரு முறை புரட்ட ஒரு மண்வெட்டி இருந்தால் போதும். சாப்பிட்ட வாழையிலையை முழுதாகப் போடக்கூடாது. தகடு தகடாக ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும். நறுக்கிப் போட வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் சருகுக்குப் பஞ்சமில்லை. ஆனால் திருவிழாவன்று தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் நனைந்திருக்கும். ஒரு மாதம் முன்பே சாக்குகளில் கட்டிக் கூரைக்கடியில் வைத்திருக்க வேண்டும். விழாவுக்கு அரிசி சேர்ப்பது போலச் சருகும் சேர்க்கிற கோயில் சபை எனக்குத் தெரிந்த எந்தத் தொழில்நுட்பத்தையும்விடப் பெரிய காரியம் செய்கிறது.

இப்போது கடைகளில் 'உக்கக்கூடியது' என்று அச்சிட்ட லஞ்ச் ஷீட்டுகளும் கோப்பைகளும் கிடைக்கின்றன. இவற்றை நம்பி விழா நடத்துவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சோளம் போன்ற மாச்சத்துப் பயிர்களிலிருந்து செய்யும் பொலிலக்டிக் அமிலம் என்ற பிளாஸ்டிக், 60 பாகைச் சூட்டை நெருங்கும்போதுதான் அதன் சங்கிலிகள் தளர்ந்து நீர் உட்புகுந்து உடையத் தொடங்கும். அந்தச் சூடு வாரக்கணக்கில் நிலைத்திருப்பது தொழிற்சாலை அளவிலான உரக் கூடங்களில்தான். ஓடையில் விழுந்தால், மேட்டில் புதைந்தால், கொல்லைக் குழியில் கிடந்தால் அது சாதாரண பிளாஸ்டிக்கைப் போலவே பல்லாண்டு கிடக்கும். இன்னொரு வகை, சாதாரண பொலித்தீனில் உலோக உப்புக் கலந்து வெயிலில் நொறுங்கச் செய்தது. நொறுங்கிய துகள்கள் கண்ணுக்கு மறைந்தாலும் மண்ணில் இருந்துகொண்டேயிருக்கும். முத்திரையைப் பார்த்து நிம்மதி அடைவதை விட, இந்தப் பொருள் நம் ஊரில் எந்தக் குழியில் எத்தனை நாளில் மண்ணாகும் என்று கேட்பது மேல்.

வாழையிலைக்கு அந்தக் கேள்வி கேட்கத் தேவையில்லை. அதன் மேற்பரப்பில் மெழுகின் நுண்படலம் இருப்பதால் குழம்பு ஊறாமல் நிற்கிறது. தணலில் வாட்டும்போது மெழுகு இளகிப் பரவி இலை பளபளக்கும், உயிரணுக்கள் நீர் விறைப்பை இழக்கும், அதனால் மடித்தாலும் கிழியாது. கட்டுச்சோற்றின் இரகசியம் அதுதான். ஆனால் வாழையிலையும் எல்லையற்றதல்ல. குலை தள்ளும் நேரத்தில் மரத்தில் எட்டு இலையாவது இல்லாவிட்டால் காய் சிறுத்துப்போகும். தமிழ்நாட்டில் இலைக்கென்றே பூவன் வாழையைப் பயிரிடுகிறார்கள். இங்கே வீட்டுத் தோட்டத்து மரங்களை நம்பியிருக்கிறோம். ஆயிரம் பேருக்கு அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சேர்த்துவிடலாம். இலட்சம் பேர் வரும் கண்டி நகரத்துக்கு இலை மட்டும் பதிலாகாது. அங்கே கழுவிப் பயன்படுத்தும் தட்டு வேண்டும்.

கழுவுவது என்றதும் நம் உணவுக் கடைகளில் வேரூன்றிவிட்ட ஒரு பழக்கம் நினைவுக்கு வருகிறது. பீங்கான் தட்டின் மேல் லஞ்ச் ஷீட்டை விரித்து, அதன் மேல் சோறு போடுவது. தட்டு கழுவும் வேலையை மிச்சம் பிடிக்க, கழுவத் தேவையில்லாத ஒரு தாளை ஒவ்வொருவருக்கும் தருகிறோம். தண்ணீருக்குப் பஞ்சமான இடத்தில் அந்தக் காரணத்தை உதற முடியாது. தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருக்கும் பெண்களிடம் ஆயிரம் தட்டைக் கழுவச் சொல்வது அநியாயம். ஆகவே கழுவும் ஏற்பாடு திட்டத்தின் உள்ளே இருக்க வேண்டும்: மிச்சத்தை வழித்தெடுக்க ஒரு தொட்டி, சவர்க்கார நீருக்கு ஒன்று, சுடுநீருக்கு ஒன்று, வேலைக்கு ஆண்களையும் சேர்த்து முறை வைத்த ஆட்கள். அழுக்கு நீரை ஓடையில் விடாமல் வாழை மரங்களின் அடியில் வெட்டிய குழிக்கு வழிவிட வேண்டும். மிச்சத்தை முதலில் வழித்தெடுத்துவிட்டால் தேவைப்படும் தண்ணீர் வெகுவாகக் குறையும்.

கால் கிலோ எடையுள்ள எவர்சில்வர் தட்டு ஒன்றைச் செய்ய ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகிறது. பத்துக் கிராம் பிளாஸ்டிக் தட்டுக்கு முப்பது, நாற்பது கிராம். கழுவும் செலவை ஒதுக்கிவிட்டு உத்தேசமாகப் பார்த்தால், முப்பது நாற்பது விருந்துக்குள் எவர்சில்வர் தட்டு தன் கடனை அடைத்துவிடும். அதன் ஆயுளோ தலைமுறைக் கணக்கு. யார் வாங்குவது, எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஊர்தோறும் மரணாதாரச் சங்கங்கள் உண்டு. கதிரை, கூடாரத் தகரம், கிடாரம், தேநீர்க் கோப்பை எல்லாம் பொதுவில் வாங்கி வைத்து, சாவு விழுந்த வீட்டுக்குக் கொடுத்து, திரும்ப எண்ணி வாங்கிவைக்கும் அமைப்புகள். ஐரோப்பாவில் மியூனிக் நகரம் 1990களின் தொடக்கத்தில் பொது நிலத்தில் நடக்கும் விழாக்களில் ஒருமுறைத் தட்டுகளைத் தடைசெய்தபோது, பாத்திரங்களையும் கழுவும் வசதியையும் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. நம் ஊர்களில் அந்தப் பொதுக் களஞ்சியம் துக்கத்துக்காக உருவாகி நிற்கிறது. அதன் தட்டுகளை விழாவுக்கும் வாடகைக்கு விட்டால் சங்கத்துக்கு வருமானமும் வரும்.

சட்டம் என்ன செய்கிறது? 2017 செப்டெம்பர் 1 முதல் இலங்கையில் பொலித்தீன் லஞ்ச் ஷீட், ரெஜிபோம் உணவுப் பெட்டி, 20 மைக்ரோனுக்கு மெல்லிய பைகள் தடைசெய்யப்பட்டன. அதே தொகுப்பில் பலர் மறந்துவிட்ட ஒரு விதியும் இருக்கிறது: அரசியல், சமய, கலாசார, சமூக நிகழ்வு எதிலும் பொலித்தீனால் அலங்காரம் செய்யக்கூடாது. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் அன்றே தடையானது. 2023 ஒக்டோபர் 1 முதல் ஸ்ட்ரோ, ஒருமுறைத் தட்டு, கோப்பை, கரண்டி, இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் மாலை ஆகியவையும் பட்டியலில் சேர்ந்தன. காகிதத்தில் இவை ஒரு திருவிழாவுக்குத் தேவையான ஏறக்குறைய எல்லாவற்றையும் தொடுகின்றன. பிளாஸ்டிக் மாலை தடைப்பட்ட நாட்டில் சாமிக்குப் பூமாலையும் வாசலுக்குக் குருத்தோலைத் தோரணமும் கட்டுவது பழைமைக்குத் திரும்புவதல்ல, நடைமுறைச் சட்டத்தைப் பின்பற்றுவது. வெசாக் கூட்டுக்கு மூங்கில் சிம்பும் மெல்லிய காகிதமும் போதும்.

இந்தப் பட்டியலிலிருந்து தப்பிவிட்ட ஒன்று ஃபிளெக்ஸ் பதாகை. அது பீ.வீ.சீ. பூசிய துணி. பீ.வீ.சீ.யின் எடையில் பாதிக்கு மேல், 57 சதவீதம், குளோரீன். விழா முடிந்து அதைக் குப்பையோடு கொளுத்தினால் ஐதரசன் குளோரைட்டுப் புகையும் டயொக்சின் நஞ்சும் வரும். திகதியும் ஆண்டும் அச்சிட்டதால் அடுத்த வருடம் பயன்படாது. திகதியில்லாத ஒரு துணிப் பதாகையைத் தைத்து, நாளை மட்டும் தனித் துண்டில் எழுதிக் குத்தினால் பத்து வருடம் ஓடும்.

மழை பெய்யும் மலைநாட்டில் குப்பையைக் கண்ட இடத்தில் விடாமலிருக்க இன்னொரு காரணமும் உண்டு, அது எல்லாவற்றையும்விட அவசரமானது. தன்சலில் சர்பத் குடித்து எறிந்த கோப்பையில் இரண்டு விரல் மழைநீர் நின்றால் ஏடிஸ் நுளம்புக்கு அது போதும். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள். முட்டை காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழையில் பொரிக்கும். விழா முடிந்து சில வாரங்களில் ஊரில் டெங்குக் காய்ச்சல் தொடங்கினால் காரணம் தேடுவோர் திருவிழாத் திடலுக்குப் பின்னால் உள்ள புதரைப் பார்க்க வேண்டும். இங்கே மண் சட்டியும் குற்றமற்றதல்ல. உடைந்த தயிர்ச்சட்டியிலும் சிரட்டையிலும் நுளம்பு அதே மகிழ்ச்சியோடு வளரும். இயற்கைப் பொருள் என்பதால் எங்கும் எறியலாம் என்ற எண்ணம் ஆபத்தானது. தண்ணீர்ப் பந்தலும், வழிப்போக்கருக்குத் தண்ணீர் வைக்கும் சிங்கள மக்களின் பின் தாலியவும் இதை எளிதாகத் தீர்த்தன: பாத்திரம் அங்கேயே இருக்கும், குடிப்பவர் மட்டும் நகர்வார். கோப்பையைக் கொண்டுபோக விடாமல் அங்கேயே வாங்கிக் கழுவும் தன்சல் அந்த வழியில் வந்ததுதான். தன்சலைப் பதிவு செய்ய எப்படியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போகவேண்டும். கழுவும் ஏற்பாட்டைப் பற்றியும் அப்போதே அவரிடம் பேசிவிடலாம்.

நம் ஆயிரம் பேர் திருவிழாவுக்கு வருவோம். விழாவுக்கு ஒரு மாதம் முன் கோயில் சபை கூடும்போது, கணக்குப் புத்தகத்தில் அரிசி, பருப்பு, பூசைச் சாமானோடு இன்னும் சில வரிகள் எழுதப்பட வேண்டும். சருகு பத்துச் சாக்கு, யார் பொறுப்பு. மரணாதாரச் சங்கத்துத் தட்டு எத்தனை, தட்டு போதாதவர்களுக்கு இலை எந்தத் தோட்டத்திலிருந்து. கடை போடுவோருக்கு இடம் ஒதுக்கும்போதே கச்சானைக் காகிதச் சுருளில் விற்க வேண்டும், ஸ்ட்ரோவும் பிளாஸ்டிக் கோப்பையும் கொண்டுவரக் கூடாது என்ற நிபந்தனை. இதைத் திருவிழாவன்று வாசலில் நின்று சொல்லிப் பயனில்லை, அவர் சரக்கு வாங்கிவிட்டிருப்பார். அன்னதானம் ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு வேண்டாம், லயம் வாரியாக நேரம் பிரித்தால் வரிசையும் குறையும், தட்டும் பாதி போதும், சமைப்பதும் பகுதி பகுதியாக அளவறிந்து சமைக்கலாம். பெரிய மிச்சம் இலையில் வருவதில்லை, கிடாரத்தில் வருகிறது என்பது சமையற்காரர்களுக்குத் தெரியும். முதலில் கொஞ்சம் பரிமாறி, கேட்டவருக்கு மறுபடி போடும் பந்தி முறையில் இலையில் மிஞ்சுவதும் குறையும். கண்டியிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் வரும் உறவினருக்கு ரயில் நேரத்தை அழைப்பிதழிலேயே போட்டு, வத்தேகம நிலையத்திலிருந்து ஒரு பொது வாகனம் விட்டால், தனித்தனி வான்களின் டீசல் மிச்சம். பெரும்பாலான விழாக்களில் வருவோரின் பயணம்தான் காபன் கணக்கின் பெரிய பங்கு.

கூடைகள் மூன்று: உணவும் இலையும், போத்தலும் தகரமும், மற்றவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இளைஞரை நிறுத்த வேண்டும். ஆளில்லாத கூடைகள் அரை மணிநேரத்தில் கலந்துவிடும், எத்தனை நிறம் பூசினாலும்.

மறுநாள் காலை ஒரு வேலை மீதமிருக்கும். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தராசு இருக்கிறது. மூன்று வகையையும் தனித்தனியாக அதில் நிறுத்து, வந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, தலைக்கு எத்தனை கிராம் என்று வரவு செலவுக் கணக்குக்குப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். அடுத்த ஆண்டு சபை கூடும்போது முதலில் வாசிக்கப்படுவது அந்த எண்ணாக இருந்தால், எந்த வரியை மாற்றுவது என்று அங்கிருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்.